வைப்பர் குழாய்

எங்கள் ஊரில் கார் ஓட்டியவர்களுக்கு வைப்பர் என்பது கண்ணாடிக்கு முன்னால் கிடக்கும் ஓர் அலங்காரம். ராமநாதபுரத்துச் சீமையில் மழை என்ன தினமுமா கொட்டுகிறது? அபூர்வமாகப் பெய்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நனைவோமே தவிர, வைப்பரைப் போட மாட்டோம். ஐம்பதுகளில் எங்கள் பழைய காரின் நோய் பிடிபடாமலே இருந்ததற்கு அதுதான் காரணம்.

என்னைப் பெற்ற அய்யா மதுரையில் வாங்கி வாடகைக்கு விட்டிருந்த கார் அது. ஓட்டுவது நான். ஆக்ஸிலேட்டரில் கால் இருக்கும்வரை சொன்னபடி கேட்கும். காலை எடுத்தால் குலுங்கி, இருமி, நின்றுவிடும். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பிளக்கைச் சுரண்டினேன். உப்புக்காற்றில் ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும் என்பதால் ரேடியேட்டர் குழாய்களை மாற்றினேன், பெட்ரோல் குழாயையும் மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வண்டியை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அந்த நிலையில்தான் அக்காவை மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. அத்தானுக்குக் கொழும்பில் கடை. அக்காவின் விசா இழுத்தடித்து வந்து, அதன் கெடு முடிகிற நாளும் வந்துவிட்டது. இலங்கைக்குப் போகிறவர்களுக்கு நோய் நொடி உண்டா என்று சோதிக்கும் மண்டபம் முகாமில் டாக்டரிடம் காட்டிவிட்டு, அங்கேயே ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் பிடிக்க வேண்டும். அன்று தவறினால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. கல்யாணமான கையோடு கப்பலேறிப் போன புருஷனிடம் போக அவள் துடித்துக்கொண்டிருந்தாள். கடல் தாண்டிப் பெண்ணை அனுப்ப அய்யாவுக்கு மனமே இல்லை. பின்சீட்டில் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்து வந்தார். அக்கா என் பக்கத்தில்.

உச்சிப்புளியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டி நின்றது, இன்ஜினும் நின்றது. இறங்கி முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். கிளம்பியது, நான் ஏறி உட்காருவதற்குள் அணைந்தது. மறுபடி சுற்றினேன், மறுபடி அணைந்தது.

"ஏலே, சகுனம் சரியில்ல. வண்டியத் திருப்பு," என்றார் அய்யா.

அக்காவின் முகம் செத்துவிட்டது. திருப்பவும் வண்டி கிளம்ப வேண்டுமே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

இன்னொரு முறை சுற்றினேன். இன்ஜின் குலுங்கிக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில் அக்கா குனிந்தாள். "தம்பி, இங்கன என்னமோ உஸ்ஸுங்குது." டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ நெரித்தாள். குலுக்கல் அடங்கி, இன்ஜின் சீராக ஓடியது.

வைப்பர் குழாய்! இன்ஜின் காற்றை உறிஞ்சும் விசையில்தான் அந்தக் கால வைப்பர் ஆடும். அதற்காக இன்ஜினிலிருந்து வரும் ரப்பர் குழாய் பிளந்து, வேண்டாத காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. மழையைக் காணாத ஊரில் அதை எவன் பார்ப்பான்?

"விட்டுறாதக்கா, பிடிச்சுக்க," என்றேன்.

"சாமி சத்தியமா விட மாட்டேன்," என்றாள். கேட் திறந்தது. மண்டபம் வரை குனிந்தபடியே வந்தாள்.

டாக்டர் பார்த்தார், ரயிலும் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள், ஆனால் முகமெல்லாம் சந்தோஷம். அய்யா ஜன்னல் வழியே அவள் தலையில் கை வைத்து, "போயிட்டு வா தாயி," என்றார்.

திரும்பும்போது துணியைக் கிழித்துக் குழாயைக் கட்டப் போனேன்.

"வேணாம், நான் பிடிச்சுக்கிறேன்," என்று அய்யா முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். அக்கா குனிந்த இடத்தில் குனிந்து, அவள் பிடித்த இடத்தைப் பிடித்தார். வீடு வரும்வரை நிமிரவே இல்லை.