உங்கட நிலைமைக்கு ஃபெசன்ட் வேணுமோ?

முட்டைகளைக் கையில் வாங்கும்போதே தெரியும், வீட்டில் சண்டை வரும் என்று. வந்தால் வரட்டும் என்றுதான் வாங்கினேன்.

நான் வேலை செய்த மரக்கறித் தோட்டத்தின் முதலாளி ஒரு மால்டாக்காரக் கிழவர். கொட்டிலுக்குப் பின்னால் கம்பிக் கூட்டில் ஃபெசன்ட் வளர்த்தார். கோழிச் சாதிதான். ஆனால் அந்த வாலும், சேவலின் பச்சைக் கழுத்தும், அதில் ஓடும் வெள்ளை வளையமும் கோழிக்கு ஏது? கீரை கட்டி முடிந்ததும் நான் அந்தக் கம்பியடியில் போய் நின்றுவிடுவேன். ஒரு நாள் கிழவர் ஒரு பெட்டி முட்டையை என் கையில் வைத்தார். கோழிமுட்டையைவிடச் சின்னது, மண்ணும் பாசியும் கலந்த நிறம். கூட்டில் வளரும் ஃபெசன்ட் ஒழுங்காக அடை கிடக்காது, மெஷினில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி, தன் பழைய இன்குபேட்டரையும் தூக்கித் தந்தார்.

"உனக்கென்ன விசரே?" என்றார் என் மனுசன், நான் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்ததும். "விசா வரட்டும். பிறகு பாப்பம்."

இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போயிருந்தது. சோபா வாங்குவோமா? விசா வரட்டும். சுவரில் ஒரு படம் மாட்டுவோமா? விசா வரட்டும். படகில் வந்து இறங்கிய நாளிலிருந்து நிரந்தர விசாவுக்குக் காத்திருக்கிறோம்; எங்கள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் இதுதான் பதில். தலைமயிர் நரைப்பதற்கு மட்டும் ஒரு விசாவும் தேவைப்படவில்லை.

"இஞ்சேருங்கோ, முட்டை அவ்வளவு காலம் பொறுக்காது," என்று சொல்லிவிட்டு, குசினி மேசையில் இன்குபேட்டரை வைத்து ஸ்விட்சைப் போட்டேன்.

நாங்கள் இருந்தது நார்த்மீட் என்ற புறநகரில், ஓர் அன்ரியின் வீட்டு வளவில் பின்பக்கம் கட்டிய கிரானி ஃப்ளாட் என்ற குட்டி வீட்டில். அவ எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான். எங்களுக்கு வெகுகாலம் முந்தி விமானத்தில் வந்து, குடியுரிமை எடுத்து, வீடு கட்டியவ. கெட்ட மனுசி என்று சொல்லமாட்டேன். கறி வைத்தால் எங்களுக்கும் ஒரு கிண்ணம் வரும். ஆனால் அந்தக் கிண்ணத்தோடு ஒரு சொல்லும் வரும்: "உங்கட நிலைமைக்கு." உங்கட நிலைமைக்குக் கார் எதுக்கு? உங்கட நிலைமைக்கு இங்கிலீஷ் கிளாஸ் எதுக்கு? குடிவரும்போதே நாய், பூனை கூடாது என்று சொல்லியிருந்தா. முட்டை நாயுமில்லை, பூனையுமில்லை என்று நான் எனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

சூடு முப்பத்தேழு டிகிரிக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். ஈரம் குறையாமல் தண்ணீர் விட வேண்டும். முட்டைகளைத் தட்டுத் தானாகவே மெல்லச் சரித்துக் கொடுக்கும். ஏழு நாள் கழிய, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டுப் போன் டோர்ச்சின் மேல் ஒரு முட்டையைப் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கருத்த ஓட்டுக்குள் சிவப்பு நரம்புகள் ஓடின. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. அழுதேன். ஏன் மறைக்க வேண்டும், நன்றாக அழுதேன்.

கோயிலில் பூசை முடிந்து வரும்போது ஒரு சினேகிதியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பாவம், பிள்ளையில்லாத குறைக்கு முட்டை அடை வைக்கிறாய் என்ன?" என்று என் தோளைத் தடவினாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பிள்ளை வேணுமெண்டால் பிள்ளை பெறுவன். எனக்கு வேண்டியது ஃபெசன்ட்," என்றேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

பிறகு ஒரு பின்னேரம் இடியும் மழையுமாக வந்து எங்கள் பக்கம் மட்டும் மின்சாரம் நின்றது. விழுந்துவிட்ட மெயின் ஸ்விட்ச் அன்ரியின் கராஜுக்குள் இருந்தது. நனைந்துகொண்டே ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்.

"என்ன பிள்ளை இவ்வளவு அவசரம்?"

ஃபிரிட்ஜில் மீன் கிடக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "முட்டை அடை வைச்சிருக்கிறன் அன்ரி. ஃபெசன்ட் முட்டை. சூடு குறைஞ்சால் செத்துப் போகும்."

அவ ஸ்விட்சைப் போட்டா. போட்டுவிட்டுக் குடையையும் எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தா. நான் இன்குபேட்டர் மூடியைத் திறந்தேன். முட்டைகளுக்கு நடுவே ஒரு நீளமான இரும்பாணி, ஒரு கரித்துண்டு, இரண்டு செத்தல் மிளகாய்.

"ஐயோ கடவுளே, இதென்ன செய்வினையோ?" அன்ரி வாசல்படி வரைக்கும் பின்வாங்கிவிட்டா.

என் மனுசன் மூலையில் நின்று தலையைச் சொறிந்தார். "இண்டைக்கு இடி முழங்குமெண்டு போனில பாத்தனான். இடிக்கு முட்டை கூழாப் போகுமெல்லே. ஊரில அடை வைக்கேக்க எல்லாரும் வைக்கிறவைதானே." பார்பெக்யூ கரிப் பையைக் கிழித்து எடுத்திருக்கிறார். அவர் வைத்த ஆணி தட்டில் சிக்கி, காலையிலிருந்து ஒரு முட்டையும் புரளவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மெஷினுக்கு ஆணி வைக்கிற மனுசனை உலகத்தில் எங்கே கண்டீர்கள்! திட்டிக்கொண்டே முட்டைகளைக் கையால் புரட்டினேன், பாதித் திட்டில் சிரிப்பும் வந்துவிட்டது. விசா வரட்டும் என்ற மனுசன் எனக்குத் தெரியாமல் என் முட்டைகளுக்குக் காவல் போட்டிருக்கிறார்.

அன்ரி சிரிக்கவில்லை. "அக்கம்பக்கத்தில ஆரும் கவுன்சிலுக்குச் சொன்னால் நான்தான் பதில் சொல்லோணும். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இது வெளியில போகோணும். உங்கட நிலைமைக்கு இது தேவையோ? வீடு வேணுமோ, முட்டை வேணுமோ எண்டு யோசியுங்கோ."

யோசிக்க ஒன்றுமில்லை. பொரிக்கிற கடைசி நாட்களில் மூடியைத் திறக்கவே கூடாது. ஈரம் போனால் முட்டைக்குள் இருக்கும் தோல் காய்ந்து குஞ்சை ஒட்டிப் பிடித்துவிடும். அப்படியே செத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சரியாக அந்த நாட்களுக்குள் விழுந்தது.

சொன்னபடியே அன்ரி வந்தா. அப்போது ஒரு முட்டையில் வெடிப்பு விட்டிருந்தது. உள்ளே இருந்து கீச் என்று ஒரு சத்தமும் கேட்டது. "சொன்னனான் எல்லே," என்று அவ சுவர் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினா.

"கையை எடுங்கோ அன்ரி."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். இந்த நாட்டில் இந்த வாய் அதுவரை சொன்னதெல்லாம் ஓம் அன்ரி, சரி சேர், தாங்க்யூ.

"அப்ப வீட்டை விட வேண்டி வரும்."

"விடுறம். குஞ்சு பொரிச்சுக் காய்ஞ்சு எழும்பட்டும். பிறகு போறம்."

என் மனுசன் கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து, ஸ்விட்சை முதுகால் மறைத்துக்கொண்டு, கையைக் கட்டி நின்றார். அன்ரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டா.

மறுநாள் முடிவதற்குள் பாதிக்கு மேல் பொரித்துவிட்டன. முதுகில் கபில நிறக் கோடுகளோடு, எலுமிச்சம்பழம் அளவில், காய்ந்த உடனேயே ஓடத் தொடங்கிய பொல்லாத குஞ்சுகள். வீட்டை விடச் சொல்லி நோட்டீசும் வந்தது. அன்ரி முறைப்படிதான் தந்தா, நாங்கள் கேட்ட அவகாசமும் தந்தா. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அது வேறு கதை.

பறவை இருக்கிறது என்று சொல்லியே வீடு தேடினோம். இல்லை, இல்லை என்று எத்தனை கதவுகள்! கடைசியில் பிளாக்டவுன் பக்கம், பெரிய பின்வளவோடு ஒரு பழைய வீடு. சொந்தக்காரர் சென்னைக்காரர். சிறகு முளைத்த குஞ்சுகளைக் கூட்டோடு ஓர் இரவல் வான் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அவருக்குக் காட்டினோம். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து கேட்டார். "என்ன விசா?"

"டெம்பரரி," என்றார் என் மனுசன்.

"அப்போ எவ்வளவு நாள் இருப்பீங்க?"

இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்காத ஆபீஸ் இல்லை, முதலாளி இல்லை. என் மனுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தெரியாது என்றுதான் எப்போதும் சொல்வார். நான் முந்திக்கொள்ள வாயைத் திறந்தேன். அவர் என்னை முந்திவிட்டார்.

"வாற ஸ்பிரிங் காலத்துக்குத்தான் இதுகள் முட்டை இடும்," என்றார், அந்த ஆளின் முகத்தை நேராகப் பார்த்து. "பிறகு அதுகளை அடை வைக்கோணும். நாங்கள் ஒரு இடமும் போகமாட்டம்."