தவமணி ரீச்சரின் கடதாசிப் பெட்டிகள்

முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த காலை பஸ்ஸின் கொண்டக்டர் எங்கள் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். "ரீச்சர், உங்களோடை முந்திப் படிப்பிச்ச தவமணி ரீச்சர் காய்ச்சலிலை செத்துப்போனாவாம்" என்றார். கரும்பலகையில் பாதி எழுதிய கணக்கை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். உருத்திரபுரத்தில் அவரோடு வேலை செய்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். நீங்கள் அறிந்த தவமணி வேறொருவராகவும் இருக்கலாம். நான் அறிந்தவரைச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். ஒரே காலத்தில்தான் காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கான அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். அந்த மாரியில் வெள்ளம் பயிரை அழித்தது. பாதையும் மூடிப்போனதால் புதுப் புத்தகங்கள் வந்து சேரவில்லை. பிள்ளைகள் பள்ளிக் கொட்டிலுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஒருநாள் தவமணி, கடையில் சாமான் சுற்றித் தந்த மண்ணிறத் தாள்களைக் கொண்டுவந்து வாங்குப் பலகையில் பரப்பினார். தாளை இரண்டாக மடித்து, இரு பக்க ஓரங்களையும் சோற்றால் ஒட்டி, மேலே கைப்பிடிக்கு ஒரு கீற்றுத் தாளை ஒட்டினால் ஒரு பயணப் பெட்டி.

"எங்கை போறியள் எண்டது உங்கட விருப்பம்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். "ஆனா கொண்டுபோற சாமான் எல்லாத்தையும் நீங்களே படமாக் கீறி வெட்டி உள்ளுக்கை வைக்கவேணும்."

ஒருவன் கடலுக்கு அடியில் போவதாகச் சொல்லி அரிக்கன் லாம்பு வெட்டினான். அது தண்ணீருக்குள் எரியுமா என்று வகுப்பே சண்டை பிடித்தது. மலர் என்ற சிறுமி சந்திரனுக்குப் புறப்பட்டாள். கோழியையும் கூட்டிக்கொண்டு போகப்போகிறாளாம்.

"அங்கை கோழிக்கு என்ன தீன் போடுவாய்?" தவமணி சிரிக்காமல் கேட்டார். மலர் யோசித்தாள். பிறகு அன்று முழுவதும் நெல்மணி வெட்டினாள்.

"உமக்கு இதெல்லாம் விளையாட்டோ?" என்று நான் கேட்டேன்.

"இல்லை. சந்திரனிலை கோழி என்ன தின்னும் எண்டு உண்மையாவே எனக்குத் தெரியாது" என்றார்.

பிள்ளைகள் பெட்டியும் கையுமாக வாய்க்கால் வரம்பில் வரிசையாக வீட்டுக்குப் போனார்கள். அதுதான் வினையாயிற்று. வெள்ளத்துக்குப் பிறகு சில குடும்பங்கள் வண்டி கட்டி யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போயிருந்தன. மற்றவர்களும் போவதா நிற்பதா என்று தவித்துக்கொண்டிருந்த நேரம். மறுநாள் காலை மலரின் தகப்பன் கந்தையா, மகளுடைய பெட்டியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர்.

"என்ன ரீச்சர் இது? யானையோடையும் பாம்போடையும் மல்லுக்கட்டி இந்தக் காட்டை வெட்டினனாங்கள். நீங்கள் பிள்ளையளுக்குப் பெட்டி கட்டப் பழக்கிறியள்!"

இவர்கள் பிள்ளைகளை மறித்துவிட்டால் பள்ளிக்கூடமே இல்லை. தவமணி வாங்கை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ அண்ணை. உள்ளுக்கை என்ன கிடக்கு எண்டு பாத்தனீங்களோ?"

அவர் பார்த்திருக்கவில்லை. உட்கார்ந்து, பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தார். கோழி வந்தது. நெல்மணிகள் மடியில் கொட்டின. கடைசியாக, தலைப்பாகை கட்டி மண்வெட்டி பிடித்த ஒரு சின்ன மனிதன் வந்தான்.

"இதார்?"

பின் வாங்கிலிருந்து மலரின் குரல் வந்தது. "அது நீங்கள், அப்பா. அங்கையும் ஆரும் வாய்க்கால் வெட்டவேணுமே."

கந்தையா அந்தக் கடதாசி மனிதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அங்கை தண்ணி கிடக்கோ, ரீச்சர்?" என்றார்.

"எனக்குத் தெரியாது அண்ணை. நீங்கள் எண்டால் எங்கை போவியள்?"

கந்தையா வாய்க்கால் பக்கம் திரும்பினார். "எங்கட வயலுக்கு வாற தண்ணி முதல் எங்கை துவங்குது எண்டு பாக்கவேணும். குளத்தைக் கண்டிருக்கிறன். அதுக்கு மேலை ஒண்டும் தெரியாது."

தவமணி அவரிடமும் ஒரு தாளை நீட்டினார். அவர் வெட்டி வைத்தவை ஒரு வேட்டியும் ஒரு சோற்றுப் பொட்டலமும்.

கோடையில் கந்தையாவே வண்டி கட்டி எங்களையும் பிள்ளைகளையும் குளத்துக்கு மேலே ஆற்றோரமாகக் கூட்டிப் போனார். ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. பிள்ளைகள் தோண்டத் தோண்ட ஈரம் வந்தது. துவக்கத்தைக் காணாமலே திரும்பினோம். ஆனால் வழி முழுவதும் அதுதான் கதை. அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போகவில்லை. பெட்டிதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அடுத்த போகம் நன்றாக விளைந்தது.

பிறகு தவமணி மாற்றலாகி முள்ளிவாய்க்கால் பக்கம் போனார். கடைசியாக அவரைக் கண்டது அங்கேதான். கடற்கரையில் வலை உலர்த்திய ஒருவரிடம், "இதுக்கு அங்காலை என்ன?" என்று கேட்டார்.

"தண்ணிதான் ரீச்சர்."

"அதுக்கு அங்காலை?"

"அங்காலையும் தண்ணிதான்."

"அதுக்கு அங்காலை?"

அந்த மனிதர் வலையைக் கீழே போட்டுவிட்டு, கையை நெற்றியில் வைத்து, அன்றுதான் முதன்முதலாகக் காண்பவர்போலத் தன் கடலைப் பார்த்தார். தவமணியிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தக் கேள்வியைத்தான்.