ராஜம் மைனிக்கு ஒரு டிரங்க் கால்

இந்த இங்கிலாந்தில் நோயின் பெயரை நடுத்தெருவில் நின்று சொல்லிவிடுகிறார்கள். எண்பத்து நான்கில், என் அறுவை சிகிச்சைக்குப் பத்து நாள் முன்பு, காலையில் காலிப் பால் பாட்டில்களை வெளியே வைக்க வந்தேன். எதிர்வீட்டு டோரத்தி அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: “எஸ்தர், பிரெஸ்ட் கேன்சர் இப்போதெல்லாம் முன்போல இல்லை, தைரியமாக இரு!” பால்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். நான் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் வேண்டுமே என்றுதான் டோரத்தியிடம் மட்டும் நோயைச் சொல்லியிருந்தேன். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர், அவருடைய ஷிப்ட் நம் வசத்தில் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. “நத்திங், டோரத்தி, நத்திங்” என்று கையை ஆட்டினேன். பேசாதே என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். அவளோ நோயே இல்லையென்று புரிந்துகொண்டு, ரோட்டைத் தாண்டி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் திருத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் கதவைத் தட்டி உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நீ என்ன தப்பு செய்தாய்?” என்று கேட்டாள். வீட்டுக்கு வந்துவிட்டேன். தப்பு செய்திருந்தேன்.

அதற்கு எட்டு வருடம் முன்பு சங்கரன்கோவிலில் என் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அம்மா இல்லாத வீடு. அண்ணன் மனைவி ராஜம் மைனிதான் எல்லாம். தினமும் பஸ்ஸில் பனவடலிசத்திரம் போய்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, திரும்பி வந்ததும் எனக்காகக் கடை கடையாக ஏறி இறங்குவாள். ஒருநாள் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். “ஏட்டி, நீ நர்ஸுக்குப் படிச்சவதான? இங்கன என்னமோ கட்டி மாதிரி தட்டுப்படுது, பாரு” என்றாள். தொட்டுப் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். வலிக்காத கட்டி என்றால் என்னவாக இருக்கலாம் என்று எனக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை இங்கிலாந்திலிருந்து ஒரு மாத லீவில் வரவேண்டும். மைனி ஆஸ்பத்திரியில் படுத்தால் கல்யாணம் தள்ளிப்போகும், அவர் லீவும் போய்விடும். “ஒண்ணும் இருக்காது மைனி. கல்யாணம் முடியட்டும், அப்புறமா காட்டலாம். யார்ட்டயும் சொல்லாண்டாம்” என்றேன். “சரிட்டி, நீ சொன்னா சரிதான்” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நிம்மதி இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. கல்யாணம் முடிந்து, விசா வந்து, என்னை விமானம் ஏற்றிவிட்ட பிறகுதான் அவள் டாக்டரிடம் போனாள். அதற்குள் நாலு மாதம் ஓடியிருந்தது. அக்குள் வரை பரவிவிட்டதென்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் வலது கை வீங்கியது வீங்கியதுதான். கரும்பலகையில் எழுத அந்தக் கையைத் தூக்க முடியாமல் வேலையை விட்டாள். எட்டு வருடமாக அவளுக்கு நான் எழுதிய கடிதங்களில் குளிரைப் பற்றி எழுதினேன், மகளைப் பற்றி எழுதினேன். அந்த உள்ளறையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இப்போது எனக்கே வந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று நாள் இருக்கையில் மைனிக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். அவர்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து மருந்துக்கடைக்குத்தான் கூப்பிட வேண்டும். லைனில் ஒரே இரைச்சல்.

“மைனி, உங்களுக்கு வந்த மாதிரியே எனக்கும் வந்துட்டு” என்றேன்.

“என்னது வந்துட்டு? சத்தமாச் சொல்லுட்டி!”

கத்திச் சொன்னேன். அழுகையோடு, “அன்னைக்கு எனக்குத் தெரியும் மைனி. தெரிஞ்சேதான் உங்களச் சும்மா இருக்கச் சொன்னேன்” என்றேன்.

“எனக்கும் தெரியும். ஆபரேசன் பண்ணும்போதே டாக்டரம்மா கேட்டாக, வீட்ல நர்ஸு இருந்துமா இவ்வளவு நாள் வச்சிருந்தீங்கன்னு. அதுக்கப்புறம் ஒரு வருசம் உம்மேல ஆத்திரமாத்தான் இருந்துச்சு” என்றாள். பிறகு, “ஞாயித்துக்கிழமை சாயங்கால ஆராதனையில உனக்கு ஜெபம் பண்ணச் சொல்லுதேன்” என்றாள்.

“பேரைச் சொல்லாண்டாம் மைனி. வெளிநாட்டுல ஒரு சகோதரிக்குன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

“சொல்லத்தான் செய்வேன். பேரையும் சொல்லுவேன், நோயையும் சொல்லுவேன். நீ யார்ட்டயும் சொல்லாண்டாம்னுட்டுப் போனேல்லா? நானும் வாயத் தொறக்கல. எனக்குன்னு ஒரு ஆளு ஜெபம் பண்ணல ஏட்டி.” மருந்துக்கடையில் நிற்கிறவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படிதான் பேசினாள். “நீ மூடி வச்சுக்கிட்டுக் கெடக்காத. போ, போய்ட்டு நல்லபடியா வா.”

இரண்டு வருடம் ஆகிவிட்டது, நல்லபடியாகத்தான் இருக்கிறேன். ஆனால் நினைக்கும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்பது ஆபரேஷனுக்கு முந்தின அந்த ஞாயிறுதான். மதியம் வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் அறுக்க வேண்டிய பக்கத்தில் டாக்டர் பேனா மையால் ஒரு அம்புக்குறி வரைந்துவிட்டுப் போனார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. ஊரில் மாலை ஆறு. என்னைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவர்கள், எனக்கு ஞாயிறு பள்ளி நடத்தியவர்கள், கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்கள், எல்லோரும் இந்த நிமிடம் என் பெயரையும் நோயையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேரும் என் கட்டிலைச் சுற்றி நின்று பார்ப்பது போலிருந்தது. முந்தானையை இழுத்து மூட என் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரி அங்கியில் முந்தானை ஏது? விரல்கள் வெறுந்தோளில் துழாவிக்கொண்டே இருந்தன.