இன்ஸாஃபின் நூற்றுப் பன்னிரண்டு எண்கள்

எகிப்தின் சோஹாக் நகரில் எங்கள் கல்லூரிக்கு எதிரே இன்ஸாஃபின் தட்டச்சுக் கடை. அவள் கல்லூரிப் படி ஏறாதவள். ஆனால் இந்த ஊரில் பட்டம் வாங்கிய பாதிப் பேரின் ஆய்வேடு அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது.

போன வருஷம் கடையின் பெயர் கெட்டது. அங்கே அடித்த இரண்டு ஆய்வேடுகளில் ஒரு மேற்கோள் இணைப்பும் திறக்கவில்லை. பேராசிரியர் ஷவ்கத் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்: "அங்க போகாதீங்க. இல்லாத கட்டுரையெல்லாம் அங்க தயாராகுது."

தப்பு மாணவர்களுடையது. நூலகக் கணக்கில் நுழைந்து படித்துவிட்டு, திரையில் இருந்த முகவரியை அப்படியே கொடுத்திருந்தார்கள். கணக்கை மூடினால் அந்த முகவரியும் செத்துவிடும். இன்ஸாஃப் யாரிடமும் போய் முறையிடவில்லை. கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டினாள்: 'டி.ஓ.ஐ. எண் இருக்கும் கட்டுரையை எண் இல்லாமல் அடிக்கமாட்டேன்.' ஒரு கட்டுரைக்கு ஒருமுறை கொடுத்தால் பிறகு மாறாத அடையாள எண் அது.

கரும்பைத் துளைக்கும் புழுவைப் பற்றிய என் முதுகலை ஆய்வேட்டோடு நான் போனேன். நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்.

"அப்லா, முகவரிதான் இருக்கே?" என்றேன். அக்கா என்பதுபோல, மாணவர்கள் எல்லோருக்கும் அவள் அப்லா.

"எல்லாம் வாடகை வீட்டு முகவரி, டாக்டரே. நாளைக்கு இதழ் வேற தளத்துக்குக் குடிபோயிடும். எண்ணு கட்டுரை போற இடமெல்லாம் போகும்."

"நாளன்னைக்குள்ள அச்சாகணுமே."

"அப்ப இங்க நின்னு என்ன பேச்சு?"

நூற்றுப் பன்னிரண்டு எண்ணையும் தேடி எடுத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு எங்கள் கிராமத்திலிருந்து இரண்டு மைக்ரோபஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அப்பா கரும்பு வெட்டை நிறுத்திவிட்டு வந்திருந்தார். தேர்வாளர் ஷவ்கத் என்று கேள்விப்பட்டு இன்ஸாஃபும் கடையைப் பூட்டிவிட்டுக் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்ஸாஃப் கடையா?" என்றார் ஷவ்கத்.

"ஆமா, டாக்டர்."

நாற்பத்தொன்றாம் மேற்கோளில் விரல் வைத்தார். "இந்த இதழ் நின்னு மூணு வருஷம் ஆச்சு. தளமே கிடையாது. இது எங்கருந்து வந்துச்சு?"

"எண்ணைத் தட்டிப் பாருங்க, டாக்டர்."

அவரே தட்டினார். நின்றுபோன இதழ்களைச் சேர்த்து வைக்கும் காப்பகம் ஒன்றில் போய்க் கட்டுரை திறந்தது. எழுபத்தேழைத் தட்டினார். திறந்தது. நூற்று மூன்று. அதுவும் திறந்தது.

என் பெரியப்பா பக்கத்தில் இருந்தவரிடம், "இந்த மனுஷன் கை வலிச்சாத்தான் விடுவார்போல" என்றார்.

ஷவ்கத் கண்ணாடியைக் கழற்றினார். "கடைக்காரங்க வந்திருக்காங்களா?"

இன்ஸாஃப் எழுந்தாள்.

"உங்களப் பத்தி நான் சொன்னது தப்பு. எந்த வகுப்புல சொன்னேனோ அங்கயே திருத்திச் சொல்றேன்."

"சொல்லுங்க, டாக்டர். அப்படியே உங்க கட்டுரைப் பட்டியலையும் அனுப்புங்க. கல்லூரித் தளத்துல பார்த்தேன், அதுல ஒரு எண்ணுகூட இல்ல."

அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். முடிவு சொல்லும் முன்பே அம்மா குலவையிட்டாள், யாரும் தடுக்கவில்லை.