பழனாத்தாளின் நாற்பத்தொரு நிமிடக் கல்யாணம்

தாராபுரத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் பழனாத்தாளுக்கு, அறுபத்தொரு வயதில், தாய்லாந்தில் கல்யாணம் நடந்தது. 2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. மாலை 7.12க்குத் தொடங்கி 7.53க்கு முடிந்தது. ஊருக்குள் இதை நான்கு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நான்கும் தவறு. நான் அதே பந்தியில் உட்கார்ந்திருந்தேன். கையில் கடிகாரமும் இருந்தது.

பழனாத்தாளின் வீட்டுக்காரர் 2001இல் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் காலை ஆறு மணிக்குப் பழனாத்தாள் கடையைத் திறந்தார். அதன்பிறகு இருபத்துமூன்று ஆண்டுகளில் கடை பூட்டியிருந்தது மொத்தம் ஒன்பது நாட்கள். மூட்டையை முகர்ந்து பார்த்தே தவிட்டில் உமி கலந்திருப்பதைச் சொல்லிவிடுவார். கலந்தவனிடம் சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அப்படிப்பட்டவரையும் கல்யாண வீடுகளில் ஒரே வாக்கியத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள். “அம்மணி, நீங்க பந்தியப் பாத்துக்கங்க.” கணவனை இழந்தவர் மணவறை முன்னால் நிற்கக்கூடாது என்பதை எங்கள் பக்கம் இவ்வளவு மரியாதையாகச் சொல்லுவார்கள். பக்கத்துக் கடைக்காரரும் தீவன வியாபாரியுமான தம்பிதுரை, தன் மகள் கல்யாணத்தில் இதையேதான் சொன்னார். இத்தனைக்கும் இருவரும் ஒரே கூட்டம், அதாவது தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்காத ஒரே குலம். முறைக்கு அண்ணன் தங்கை. அன்று பழனாத்தாள் ஆறு பந்தி பார்த்தார். தாலி கட்டியபோது கெட்டிமேளம் மட்டும் சாப்பாட்டுக்கூடம் வரை கேட்டது.

அடுத்ததாகத் தம்பிதுரையின் மகன் நிதீஷுக்குத் தை பதினெட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிதீஷ் பள்ளிக்கூடம் விட்டு வந்து பழனாத்தாளின் கடை மூட்டைகள்மேல் தூங்கி வளர்ந்த பையன். “அவன் தாலி கட்டறதையாவது கண்ணுல பாக்கோணுமுங்க” என்று விமானத்தில் என்னிடம் சொன்னார். வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

விற்பனை இலக்கைத் தாண்டிய வியாபாரிகளைத் தீவனக் கம்பெனி தாய்லாந்துக்கு அழைத்துப்போயிருந்தது. தம்பிதுரையையும் என்னையும் சேர்த்து இருபத்துமூன்று பேர், பெண் பழனாத்தாள் ஒருவர்தான். வழிகாட்டி, சரவணம்பட்டிப் பெண் மௌனிகா. மூன்றாம் நாள் மாலை ‘அரண்மனைக் கல்யாண விருந்து’ என்று ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். தரையில் உட்காரவைத்து, சின்ன மூங்கில் கூடையில் பிசுபிசுப்பான சோறு வைத்தார்கள்.

பழனாத்தாள் ஒரு உருண்டையை அமுக்கிப் பார்த்தார். “இதுல போஸ்டரே ஒட்டலாமாட்ட இருக்குது” என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து பருப்புப்பொடி டப்பாவை எடுத்தார். டப்பா பதினொரு பேரிடம் போய், காலியாகத் திரும்பி வந்தது.

மத்தளக்காரர்கள் ஆறு பேர். ஆடிய பெண்கள் எட்டுப் பேர். விரல்தோறும் பித்தளை நகம். “இந்த நகத்த வெச்சுக்கிட்டு எருமை பீச்ச முடியுமா கண்ணு?” என்று பழனாத்தாள் கேட்டதை மௌனிகா மொழிபெயர்க்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும், நிகழ்ச்சியை நடத்திய மேடைக்காரர் குடத்தில் கைவிட்டு இரண்டு சீட்டு எடுத்தார். பார்வையாளரிலிருந்து ஒரு பெண்ணையும் ஆணையும் பிடித்து விளையாட்டுக் கல்யாணம் செய்துவைப்பது அவர்கள் வழக்கம். பெண் சீட்டு பழனாத்தாளுக்கு விழுந்தது. ஆண் சீட்டு தம்பிதுரைக்கு. கண்மூடித் திறப்பதற்குள் இருவரையும் மேடையில் உட்காரவைத்து, மாலை போட்டு, ஒரே வெள்ளை நூலின் இரு வளையங்களை இரண்டு தலையிலும் மாட்டிவிட்டார்கள். விருந்தாளிகள் வரிசையாக வந்து சங்கால் தண்ணீர் வார்க்க வேண்டுமாம்.

தண்ணீர் என்றதும் தம்பிதுரைக்கு வியர்த்துவிட்டது. எங்கள் பக்கம் தண்ணீர் விட்டுத் தாரை வார்த்தால் கல்யாணமே முடிந்த கதைதான்.

“ஏனுங்க, நிறுத்துங்க! இது என்ற தங்கச்சிங்க!”

மௌனிகா ஆங்கிலத்தில் சொன்னாள். மேடைக்காரர் பதறிக் கும்பிட்டார். “ஒரே அம்மாவான்னு கேக்கறாருங்க அங்கிள்.”

“இல்ல.”

“ஒரே அப்பாவா?”

“இல்ல.”

“ஒரே தாத்தாவா?”

“அதெல்லாந் தெரியாது சாமி. ஆனா தங்கச்சிதான்.”

கீழேயிருந்து பொள்ளாச்சி வியாபாரி சென்னகேசவன் கத்தினார்: “சும்மா ஒக்காருங்க மாப்பிள்ள! ஊட்ல சொல்ல மாட்டோம்!”

தம்பிதுரை எழுந்தார். நூல் இழுத்ததில் பழனாத்தாளின் தலையும் கூடவே போயிற்று. “எறங்குங்க அம்மணி. நீங்க போய்ச் சாப்புடுங்க.”

பழனாத்தாள் நூலைப் பிடித்து அவரைத் திரும்ப உட்காரவைத்தார். “இங்கயும் நான் பந்தியத்தான் பாக்கோணுமுங்களாண்ணா?”

தம்பிதுரை தலையிலிருந்த நூலைக் கழற்றப் பார்த்தார்.

“நான் எந்திரிக்க மாட்டேன். இத்தன பேரு முன்னால தங்கச்சின்னீங்கல்ல? அப்ப அண்ணன் செய்யறதச் செய்யுங்க. சங்கப் புடிச்சுத் தண்ணி ஊத்துங்க. மாப்பிள்ளைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க.”

மேடைக்காரருக்கு இது பிடித்துப்போயிற்று. மூன்றாவது மத்தளக்காரரை இழுத்துவந்து உட்காரவைத்தார். ஐம்பது வயதிருக்கும், தொப்பை, நல்ல சிரிப்பு. தம்பிதுரை பழக்கதோஷத்தில் மௌனிகாவிடம் கேட்டார்: “இவரு என்ன கூட்டமுங்க?”

மௌனிகா நான்கு விநாடி அவரையே பார்த்தாள். பிறகு போய் விசாரித்துக்கொண்டு வந்தாள். “வடகிழக்குப் பக்கமாம் அங்கிள். யானை வளக்கற குடும்பமாம்.”

“நம்ம கூட்டம் இல்லைல்ல?”

“இல்லீங்க அங்கிள்.”

“அப்பச் சரி.”

சங்கைத் தம்பிதுரை பிடித்த விதத்தில் பாதித் தண்ணீர் மத்தளக்காரரின் மடியில் போயிற்று. கூப்பிய கையை எடுக்காமலே பழனாத்தாள் கேட்டார்: “தை பதினெட்டாந் தேதி நான் எங்க நிக்கோணுமுங்ண்ணா?”

தம்பிதுரை சங்கைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார். “முன்னாலதானுங்க அம்மணி.”

“மத்தளச் சத்தத்துல கேக்கலீங்க.”

“முன்னாலங்க!”

அவர் போட்ட சத்தத்தில் மத்தளமே நின்றது. ஏதோ மந்திரம் என்று நினைத்து மண்டபம் முழுக்கக் கைதட்டினார்கள்.

டிசம்பர் முதல் தேதி தம்பிதுரை மனைவியோடு தாம்பாளத்தில் பத்திரிகை கொண்டுவந்தார். முன்பெல்லாம் கடைப் பையனிடம் கொடுத்துவிடுவார். பழனாத்தாள் தன் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தார்; இருந்தது. “உங்க தாய்லாந்து மச்சானுக்கு வெச்சாச்சுங்களா?” என்று கேட்டார். தம்பிதுரைக்குக் குடித்த காபி புரையேறியது.

தை பதினெட்டு, காலை 5.41க்கு நிதீஷ் தாலி கட்டினான். பழனாத்தாள் மணவறையிலிருந்து நான்கடி தூரத்தில், அரக்குப் பட்டில் நின்றார். குறுக்கே வந்த போட்டோக்காரரை முழங்கையால் இரண்டு முறை நகர்த்தினார். முணுமுணுத்தவர்கள் ஐந்து பேர். பெயர்கள் என்னிடம் இருக்கின்றன.

அன்று பந்தியைப் பார்க்க ஆளில்லை. மூன்றாவது பந்தியில் ரசம் தீர்ந்தது. நான்காவதில் இலையே பத்தவில்லை. தம்பிதுரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, பழனாத்தாளின் முகத்தைப் பார்த்தார்.

“எனக்கென்னங்ண்ணா தெரியும்? நான் முன்னாலயில்லீங்களா நின்னுட்டிருந்தேன்” என்றார் பழனாத்தாள்.