அக்காவுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி

காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு மூட்டையை இறக்கிவிட்டு மலையேறி வந்த கருப்பன்தான் சொன்னார்: "நம்ம டீச்சரம்மா காய்ச்சல்ல போயிட்டாங்களாமுங்க." தாயைப் பார்க்க ஊருக்குப் போன, என்னோடு பாடம் நடத்திய ரத்தினம் டீச்சர் இனி வரமாட்டார். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

இந்த மலைமேல் குண்டனி நாட்டில் அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே ஒரு பிள்ளை பள்ளிக்கு வந்தால் கூடப்பிறந்தது சாமைக்காட்டில் குருவி ஓட்டும். இன்று அக்கா, நாளை தம்பி. படித்தது மறுநாளே மறந்துபோகும். நான் கத்துவேன், பெற்றோரிடம் சண்டைக்குப் போவேன். டீச்சரோ பேசாமல் கதை எழுதினார். யுத்தத்தால் காகிதம் கிடைக்காத நேரத்தில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பெரிய பெரிய எழுத்தில் அக்கா தம்பி கதைகள். முன்பாதி அக்காவுக்கு, பின்பாதி மறுநாள் வரும் தம்பிக்கு. முழுக் கதை வேண்டுமா, வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்!

"பிள்ளைகளை ஏமாத்தற வேலையா இது?" என்று கேலி செய்தேன்.

"முழுசா ஒருத்தர்கிட்டக் குடுத்தா, இன்னொருத்தரத் தேட மாட்டாங்க சார்" என்றார்.

அடேயப்பா! அந்த மழைக்காலம் முடிவதற்குள் எழுத்துக்கூட்டிப் படிக்காத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

பிறகு, அப்படிப் படித்த அக்காக்களில் ஒருத்தியான செல்லியைப் பள்ளியிலிருந்து அவள் அப்பா நிறுத்திவிட்டார். "பொட்டப்புள்ளைக்கு இது போதுமுங்க." நான் போய்க் கெஞ்சியும் அசையவில்லை. அவள் தம்பி மட்டும் வந்தான். டீச்சர் அவனுக்குப் பின்பாதியை மட்டுமே கொடுத்தார்: 'அக்கா பலா மரத்தை விட்டு இறங்கினாள். தம்பி சிரித்தான். ஆடும் சிரித்தது.' பையன் அதை வீட்டில் உரக்கப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒரு காலையில் அப்பா அரிவாளும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சரம்மா, அந்தப் புள்ள எதுக்குங்க மரத்துல ஏறுச்சு? ஆடு ஏனுங்க சிரிச்சுது?"

டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது அக்கா பாதிங்க. செல்லி வந்து படிச்சுத்தான் உங்களுக்குச் சொல்லோணும்."

மறுநாள் செல்லி வந்தாள். அதன்பிறகு அவள் நின்றதே இல்லை. என்ன மனுஷி அவர்!

ஊருக்குப் போகுமுன் செல்லியிடம் புதுக் கதை ஒன்றின் முன்பாதியைக் கொடுத்திருந்தார். ஆற்றின் அக்கரையில் தம்பி நிற்கிறான், வெள்ளம் ஏறுகிறது, அக்கா கயிறு தேடி ஓடுகிறாள். பின்பாதியை டீச்சர் எழுதவில்லை. துக்கம் விசாரிக்கச் செல்லியின் அப்பா வந்தார். "அந்தப் பையன் கரையேறிருவானுங்களா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த எழுதாத பாதிதான். அவர் மாதிரி எனக்கு எழுத வராது. ஆனால் நாளைக்குப் பின்பாதி கேட்டுச் செல்லியின் தம்பி வருவான். எழுதித்தான் ஆக வேண்டும்.