ராசப்பன் வரைந்த பையன்

காமிக்ஸ் மூலப்படம் சேகரிப்பவன் போய்க் கதவைத் தட்டுகிற வீட்டில் பெரும்பாலும் யாராவது இறந்துபோயிருப்பார்கள். ஓவியர் உயிரோடு இருக்கும்வரை அவர் விலாசம் நமக்குக் கிடைக்காது. கிடைக்கும்போது மாலை போட்ட போட்டோதான் வரவேற்கும். இந்த வியாதி பிடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிடிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை: அச்சுக்கு அனுப்புவதற்காக ஓவியர் கெட்டி அட்டையில், புத்தகப் பக்கத்தைவிடப் பெரிதாக, கறுப்பு மையில் தொட்டுத் தொட்டு வரைந்தாரே, அந்த ஒரே அட்டைதான் மூலப்படம். அச்சாகி முடிந்ததும் அச்சகத்துக்கு அது குப்பை. நம்மைப் போன்றவர்களுக்குப் புதையல்.

நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஓவியர் ராசப்பன் வரைந்த வனக்காவலர் கதைகளைப் படித்து வளர்ந்தவன். கோவையிலேயே அச்சாகி மாதாமாதம் வரும். அவர் காலமானார் என்று கேள்விப்பட்ட பிறகுதான் அவருடைய அட்டைகளைத் தேடிக் கிளம்பினேன்.

கோபியில் ஒரு ஜன்னல்

ராசப்பனின் தங்கை கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறார் என்று தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். வாழைத்தோப்பை ஒட்டிய வீடு. வந்த காரியத்தைச் சொன்னேன். அண்ணன் ஒரு கட்டு அட்டை கொடுத்திருந்தார், வாருங்கள் காட்டுகிறேன் என்று அந்த அம்மா சந்தோஷமாகப் பின்பக்கம் அழைத்துப்போனார்.

மாட்டுக்கொட்டகையின் ஜன்னலில், அட்டைகளைக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சாரல் பட்டுப்பட்டு அட்டை உப்பிப்போய், அதன்மேல் கரையானும் ஏறியிருந்தது. ஒரு மூலையில் யானையின் கால் ஒன்று மட்டும் மிச்சம். என்ன அழுத்தமான கோடு. தொட்டேன், மாவாக உதிர்ந்துவிட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் ஆறுதல் சொன்னார்.

“நல்ல கெட்டி அட்டைங்க தம்பி. எங்கண்ணன் குடுத்ததாச்சேன்னு வீசறதுக்கு மனசு வரலீங்க. இத்தன வருசமா மாட்டு மேல ஒரு சொட்டு சாரல் அடிக்கலீங்க.”

மிளகளவு முகம்

அவர்தான் அண்ணியின் விலாசத்தைக் கொடுத்தார். ராசப்பனின் மனைவி ருக்குமணியம்மா கோவை ரத்தினபுரியில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். அட்டை எதுவும் தன்னிடம் இல்லை, எல்லாம் அச்சகத்துக்குப் போனதுதான், நாத்தனாருக்குக் கொடுத்த அந்த ஒரு கட்டைத் தவிர ஒன்றும் திரும்பி வரவில்லை என்றார். எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது டீ வைத்துக் கொடுத்தார். பிறகு மெதுவாக ஒரு விஷயம் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகன். பிறவியிலேயே இருதயக் கோளாறு. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே இறந்துவிட்டான். இருந்தது ஒரே ஒரு போட்டோ. ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பாழாகிவிட்டது. ராசப்பன் தன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நம் பையனை ஒரு கதையில் வைத்திருக்கிறேன் என்று சொன்னாராம். எந்தக் கதை என்று கேட்பதற்குள் பேச்சு நின்றுவிட்டதாம்.

வீட்டுக்கு வந்து என்னிடமிருந்த புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். மொத்தத் தொடரிலும் ஒரே ஒரு சின்னப்பையன்தான் வந்தான். வனக்காவலரின் ஜீப்புக்கு முன்னால் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு ஓடுகிறான். மட்டமான காகிதத்தில் முகம் மிளகளவுக்கு, மை அப்பிக் கிடந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். மூலப்படம் கிடைத்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு காப்பி போதும் என்றார். நான் வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தார்.

“அந்த அட்டை இதைவிடப் பெருசுன்னு சொன்னீங்களே தம்பி, அதுல மூஞ்சி தெரியுங்களா?”

கோட்டைமேட்டில்

அச்சகத்தை மூடியபோது அங்கிருந்த காகிதம் மொத்தத்தையும் எடுத்தவர், கோட்டைமேட்டில் பழைய பேப்பர் வியாபாரம் செய்யும் காதர் பாய். விசாரித்துக்கொண்டு போனேன். நாற்காலி போட்டு உட்காரவைத்து, பேசுவதற்கு முன்னால் டீ வரவழைத்தார். அட்டைகள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. படம் போட்ட அட்டை என்று தனியாகக் கட்டி, சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டாராம். போர்வையை மடிக்கும்போது விறைப்பாக நிற்க உள்ளே ஓர் அட்டை வைப்பார்களே, அதற்காக.

ஊர் ஊராக விற்றுப்போன போர்வைகளை நினைத்தேன். பிரித்த கையோடு அட்டையைத் தூக்கி எறிந்திருப்பார்கள். எதற்காக இப்படித் தேடுகிறேன் என்று பாய் கேட்டார். பையனின் கதையைச் சொன்னேன். அவர் கையிலிருந்த டீயைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

“எடைக்கு வந்துச்சு, எடைக்கே குடுத்துட்டேன் தம்பி. உள்ள ஒரு புள்ள இருக்கான்னு தராசுக்குத் தெரியலையே.”

போர்வை மடிப்பு

சென்னிமலை கம்பெனி முதலாளி நல்ல மனிதர். ஆனால் எல்லாம் வெட்டிப் போர்வைக்குள் போய்விட்டது, ஒன்றும் மிச்சமில்லை என்று கையை விரித்துவிட்டார். கிளம்பி வாசலுக்கு வந்தபோது, உள்ளே போர்வை மடித்துக்கொண்டிருந்த சரசு என்ற அம்மா பின்னாலேயே வந்து, சாப்பாட்டு வேளையில் தன் வீட்டுக்கு வரச் சொன்னார்.

மலைக்குப் போகிற வழியில் வீடு. தகரப்பெட்டியில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ராசப்பனின் அட்டைகள், துண்டு துண்டாக. ஒரு கிழவர், ஒரு போலீஸ்காரர், தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண். எல்லாமே முகங்கள். அடியில் அந்தப் பையன் இருந்தான். கத்தி பட்டதில் டயரும் ஒரு பாதமும் போயிருந்தன. முகம் முழுசாக இருந்தது.

இந்தக் கதைகளைப் படிப்பீர்களா என்று கேட்டேன். படித்ததே இல்லை என்றார். யாருக்காகத் தேடுகிறேன் என்று சொன்னதும் மொத்தப் பொட்டலத்தையும் என் கையில் கொடுத்துவிட்டார். பதிலுக்கு எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அப்புறம் எதற்கு எடுத்து வைத்தீர்கள் என்றேன்.

“போர்வைக்குள்ள வெச்சு மடிக்கறப்ப மூஞ்சி மூடிப்போகுமுங்க. அது எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. மூஞ்சி இருக்கறத மட்டும் ஊட்டுக்கு எடுத்துட்டு வந்துபோட்டனுங்க.”

ரத்தினபுரியில் மறுபடியும்

அட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அச்சில் தெரியாத ஒன்று தெரிந்தது. பையனின் வாயைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. வரைந்து, வெள்ளையடித்து மறைத்து, மறுபடி வரைந்து, மறுபடி மறைத்திருக்கிறார். யானையையும் ஜீப்பையும் ஒரே மூச்சில் வரைகிற மனிதர் அவர். மகனின் சிரிப்பு மட்டும் கைக்கு வரவில்லை போலிருக்கிறது. நல்ல காகிதத்தில் பெரிதாக ஒரு காப்பி எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டேன். பேசியபடி மூலம் எனக்கு, காப்பி அவருக்கு.

ருக்குமணியம்மா முன்னால் இரண்டையும் வைத்தேன். காப்பியைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் விரல் தானாக அந்த வெள்ளைத் திட்டுக்குப் போய் அங்கேயே நின்றது. என்னவென்று கேட்டார். அழித்து அழித்துப் போட்டிருக்கிறார் என்றேன். அவர் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அட்டையைத் திருப்பிக் கேட்கும் எண்ணம் எனக்கு அப்போதே போய்விட்டது. காப்பியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அப்போதுதான் பேசினார்.

“எங்க பையன் ஒரு நாளும் ஓடுனதில்லீங்க தம்பி. நாலு எட்டு வெச்சாலே மூச்சு வாங்கும், தூக்கித்தான் வெச்சுக்குவோம். அவங்கப்பா இதுல ஓட உட்டிருக்காரு பாருங்க.”

மூலப்படம் சேகரிப்பவன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியிருக்கிறேனே தவிர, என் வீட்டுச் சுவரில் இன்றைக்கும் படங்களைவிட, மாட்டுவதற்கென்று அடித்துவைத்த வெறும் ஆணிகள்தான் அதிகம்.